தினம் ஒரு சம்பவம்

சின்னவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது குடும்பத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. பாத்திரத்தை ‘ணங்’கென்று வைப்பாள், நாலு வார்த்தை கத்துவாள், பத்தே நிமிடத்தில் டீ போட்டுக் கொண்டுவந்து நீட்டுவாள். அவ்வளவுதான் அவளுடைய கோபம். ஆனால் அன்றைக்கு அந்த ஆசிரியை வீட்டில், ஏணிமேல் நின்றுகொண்டிருந்தபோது வந்தது வேறு ரகம். கத்துவதற்கும் வழியில்லை, வாயில் இரண்டு குண்டூசி இருந்தது.

அவள் ஜன்னல் திரை தைப்பவள். வீடு வீடாகப் போய் அளவெடுத்து, துணி வாங்கி, வீட்டிலேயே தைத்து, திரும்பப் போய் மாட்டிக் கொடுப்பாள். அந்த ஆசிரியை புது வீட்டுக்குக் குடிவந்திருந்தார். ஜன்னல்கள் ஒவ்வொன்றும் ஒரு அளவு. சின்னவள் டேப்பை நீட்டி உயரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, கீழே சமையல் மேடையில் கிடந்த கைபேசியிலிருந்து ஒரு குரல் கேட்டது. பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகிய குரல். அவளுடைய அக்காவின் குரல்.

“அன்பானவர்களே, நேற்றுக் காலை நான் என் தகப்பனாரின் கால் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தேன்” என்றது அந்தக் குரல். “கட்டைவிரல் நகம் தடித்து வளைந்து போயிருந்தது. வெந்நீரில் ஊறவைத்து, மடியில் துண்டு விரித்து, அவருடைய காலை என் மடியில் எடுத்து வைத்தேன். அவர் கூச்சப்பட்டுக் காலை இழுத்துக்கொண்டார். எனக்குப் பேதுருவின் ஞாபகம் வந்தது.”

பிறகு, ஆண்டவர் சீஷர்களின் கால்களைக் கழுவிய கதையும், முதலில் பேதுரு மறுத்ததும், அடுத்தவர் கையால் கழுவப்படுவதற்கும் ஒரு தாழ்மை வேண்டும் என்பதும், அதை நம் அன்றாட வாழ்க்கையில் எப்படிப் பொருத்திப் பார்ப்பது என்பதும் வந்தன. கடைசியில் ஒரு சின்ன ஜெபம். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

நகம் வெட்டியது சின்னவள். வெந்நீர் அவள் போட்டது, துண்டு அவளுடையது, மடி அவளுடையது. அப்பா காலை இழுத்துக்கொண்டதும் அவளிடமிருந்துதான். முந்தைய நாள் சாயங்காலம் அக்கா போன் பண்ணியபோது இவள்தான் சிரிக்கச் சிரிக்கச் சொன்னாள், “நகவெட்டி பத்தாதுக்கா, செடி வெட்டற கத்தரி வேணும்” என்று. அக்கா அந்தக் கத்தரியை எடுத்துவிட்டுப் பேதுருவைப் போட்டிருக்கிறாள்.

“இந்த சிஸ்டர் தினமும் காலைல பேசறாங்க” என்றார் ஆசிரியை, கண்ணைத் துடைத்துக்கொண்டே. “படுத்த படுக்கையா இருக்கற அப்பாவை வெச்சுப் பாத்துக்கறாங்க. ஆனாலும் ஒரு நாள்கூட முகம் சுளிச்சதில்ல. நீங்களும் கேளுங்களேன். நம்ம மாதிரி ஆளுங்களுக்கு நல்ல புத்தி வரும்.”

சின்னவள் தலையை மட்டும் ஆட்டினாள். குண்டூசிகளை எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ, அது அவளுக்கே தெரியாது. அந்த ஜன்னலின் உயரத்தை அகலமென்றும் அகலத்தை உயரமென்றும் எழுதிக்கொண்டு வந்து நல்ல துணியைப் பாழாக்கியது தனிக் கதை.

அக்கா தினமும் இப்படி வேதத் தியானம் சொல்கிறாள் என்பது அவளுக்குத் தெரியாத விஷயமில்லை. அக்கா அதை அனுப்புகிற வாட்ஸப் குழுவில் இவள் பெயரும் இருக்கிறது. ஆனால் தியானம் வந்து விழும் நேரத்தில்தான் இங்கே அப்பாவுக்குத் துடைத்து, விரிப்பு மாற்றி, புரட்டிப் படுக்க வைக்கிற வேலை. கேட்காமலேயே கை கூப்புகிற படம் ஒன்றை அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாள். அக்காவுக்குத் தெரிந்திருக்க வேண்டும், இவள் கேட்பதில்லை என்று. இல்லையென்றால் இவ்வளவு தைரியம் எங்கிருந்து வரும்?

அன்று வீட்டுக்கு வந்து, அப்பாவுக்குச் சாப்பாடு ஊட்டிவிட்டு, தையல் மிஷின்முன் உட்கார்ந்து பழைய தியானங்களை ஒவ்வொன்றாகக் கேட்டாள். அப்பா மருந்தைத் துப்பியது இருந்தது. மழையில் விரிப்பு காயாமல் இஸ்திரிப் பெட்டியால் காய வைத்தது இருந்தது. முதுகில் புண் வந்து அது ஆறியது, உடம்பெல்லாம் புண்ணாகித் தவித்த பைபிள் யோபுவோடு சேர்த்து, இரண்டு பாகமாக இருந்தது. எல்லாவற்றிலும் ‘நான்’. நான் துடைத்தேன், நான் தூக்கினேன், நான் பொறுத்துக்கொண்டேன்.

ஒன்றைக் கேட்டபோது மட்டும் மிஷின் மேசையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு விடியற்காலையில் அப்பா படுக்கையிலேயே போய்விட்டு, இவள் சுத்தம் செய்துகொண்டிருக்கையில் குழறிக் குழறி, “என்னைக் கொன்னுடு” என்று கேட்டார். இவள் அதை அன்று சாயங்காலம் அக்காவிடம் சொல்லி அழுதாள். அக்காவும் அந்தப் பக்கம் அழுதாள். மறுநாள் அது எலியாவாகிவிட்டது. சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்ட தீர்க்கதரிசியோடு அப்பாவையும் பக்கத்தில் படுக்கவைத்துவிட்டாள்.

பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்து இரண்டு வருஷமாக அப்பா சின்னவள் வீட்டில்தான் இருக்கிறார். அவர் தொலைதூரப் பேருந்து ஓட்டியவர். கூச்ச சுபாவம். வேர்த்து ஊற்றினாலும் வீட்டில் சட்டையைக் கழற்றமாட்டார், கடைசிப் பொத்தான் வரை போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். அப்படிப்பட்ட மனுஷர் பெற்ற மகள் கையால் எல்லாம் செய்துகொள்ள வேண்டி வந்தது. ஒருமுறை ஆள் வைத்துப் பார்த்தார்கள். வந்தவர் தொட்டாலே அப்பா வாயை இறுக்கி மூடிக்கொண்டு சாப்பிடாமல் கிடந்தார். ஒரு வாரத்தில் அந்த ஆள் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். சின்னவள் கணவரோ சரக்குக் கப்பலில். வருஷத்துக்கு இரண்டு தடவை வந்தால் பெரிது.

தூக்கித் தூக்கி அவளுக்குக் கர்ப்பப்பை இறங்கிவிட்டது. நின்றால் கீழே இழுக்கிறது, இருமினால் நனைகிறது. டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: ஆபரேஷன் பண்ண வேண்டும், அதற்குப் பிறகு ஆறு வாரம் ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது. ஆறு வாரம் அப்பாவை யார் பார்ப்பது? அக்காவைத்தான் கேட்டாள். அக்கா வீட்டில் மூன்று படுக்கையறை. ஒன்றில் அக்காவும் அத்தானும். ஒன்றில் அத்தானின் உடற்பயிற்சி சைக்கிள். மூன்றாவதில் ரெக்கார்டிங்.

“அந்த ரூம்ல சத்தம் வரக் கூடாதுன்னு சுவர் பூரா பஞ்சு ஒட்டியிருக்கோம்டி” என்றாள் அக்கா. “பக்கத்து ரூம்ல அப்பா இருமினாக்கூட அதுல விழும். கர்த்தரோட நேரம்னு ஒண்ணு இருக்கு. அவசரப்படாதே. நான் உனக்காக உபவாசம் இருந்து ஜெபிக்கறேன்.”

அதைக் கேட்டு ஆபரேஷனை இரண்டு தடவை தள்ளிப்போட்டாள் சின்னவள். அக்கா தினமும் சாயங்காலம் தவறாமல் கூப்பிடுகிறாளே, “இன்னைக்கு என்னடி நடந்துச்சு, அப்பா என்ன பண்ணார், எல்லாம் விவரமா சொல்லு” என்று இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறாளே, அந்த ஒரு பேச்சுதானே தன்னை நாளெல்லாம் ஓட்டுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கும் அதில் சந்தோஷம். “பெரியவ... பேசினாளா?” என்று கேட்பார். பேசினாள் என்றால் பாதி முகத்தால் சிரிப்பார். பாசமாம். தியானத்துக்குச் சரக்கு எடுக்க வருவதற்குப் பெயர் பாசம்.

மறுநாள் சாயங்காலம் போன் வந்தது. “என்ன விசேஷம்?” என்றாள் அக்கா.

“ஒண்ணுமில்ல.”

“அப்பா சாப்பிட்டாரா? ஏதாவது சொன்னாரா?”

“சாப்பிட்டார். சொல்லல.”

அடுத்த நாளும் ஒண்ணுமில்லை, அதற்கடுத்த நாளும் ஒண்ணுமில்லை. சின்னவள் வாயைத் திறக்கவில்லை. இப்போதெல்லாம் காலையில் முதல் வேலையாகத் தியானத்தைக் கேட்டாள். அக்காவின் பிழைப்பு நாறிக்கொண்டிருந்தது. ஒரு நாள் முழுக்க பால்கனி ரோஜாத்தொட்டி. மறுநாள் அதே தொட்டியில் ஒரு எறும்பு. மூன்றாம் நாள் சிக்னலில் சிவப்பு விளக்கு எரிந்ததாம், அதில் ஆண்டவர் காத்திருக்கச் சொன்னாராம். சின்னவள் தனியாக உட்கார்ந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் கோபம் இன்னும் கூடியது.

வெள்ளிக்கிழமை காலையிலேயே அக்கா கூப்பிட்டாள். குரலில் தேன் ஒழுகியது.

“ஞாயித்துக்கிழமை மத்தியானம் எங்க ஜெப ஐக்கியத்துல இருந்து சில சகோதரிங்க வராங்க. அப்பாவைப் பாத்து ஜெபிக்கணுமாம்.”

“வரட்டும். டீ போட்டு வெக்கறேன்.”

“உன் வீட்டுக்கு இல்லடி. எங்க வீட்டுக்கு.”

“உன் வீட்டுல ஏது அப்பா?”

“அதான் கேக்கறேன். ஒரு மத்தியானம் மட்டும் அனுப்பு. அத்தான் வண்டி எடுத்துட்டு வருவார். சாயங்காலமே கொண்டுவந்து விட்டுடுவோம்.”

“நான் கேட்டேன்க்கா” என்றாள் சின்னவள். “பேதுருல இருந்து எலியா வரைக்கும் எல்லாத்தையும் கேட்டேன்.”

அக்கா அழுவாள், மன்னிப்புக் கேட்பாள் என்று சின்னவள் எதிர்பார்த்தாள். அக்கா மூக்கை உறிஞ்சிவிட்டு வாதத்தில் இறங்கினாள்.

“நடக்காததையா சொன்னேன்? எல்லாம் நடந்ததுதானே. ‘என் தங்கச்சி செஞ்சா’ன்னு சொன்னா அது செய்தி. ‘நான் செஞ்சேன்’னு சொன்னாதான் சாட்சி. கேக்கறவங்க மனசுல அப்பதான் இறங்கும்.”

“அப்ப நீ செஞ்சிருக்கணும்.”

“எத்தனை பேர் திருந்தியிருக்காங்க தெரியுமா? பெத்தவங்களைக் கொண்டுபோய் எங்கயோ விட்டவங்க திரும்பக் கூட்டிட்டு வந்திருக்காங்க, நான் பேசினதைக் கேட்டு.”

“நீ ஏன் அதைக் கேக்கல?”

அக்கா வேறு குரலில் பேசினாள். “வசனம் ஆயிரக்கணக்குல கெடக்குடி. தினமும் ஒரு சம்பவத்துக்கு நான் எங்க போவேன்? எனக்கு என்ன நடக்குது? காலைல எந்திரிக்கறேன், அத்தான் ஆபீஸ் போறார், சாயங்காலம் வரார், சைக்கிள் ஓட்டறார், தூங்கறார். பேசறதுக்கு ஒரு குழந்தைகூட இல்ல. உன் வீட்டுலதான் எல்லாம் நடக்குது.”

அது உண்மைதான் என்று சின்னவளுக்குத் தெரிந்தது. வேறு நாளாக இருந்தால் மனம் இளகியிருக்கும். கால் இரண்டுக்கும் நடுவில் இழுத்துக்கொண்டிருந்த வலி அன்றைக்கு இளகவிடவில்லை. அவள் மனதில் ஒரு கணக்கு ஓடியது. நாலு பேர் முன்னால் அக்கா வாயைத் திறக்க முடியாது. அப்பாவை நான்தான் பார்க்கிறேன் என்று ஊரெல்லாம் சொன்னவள், அப்பாவை வைத்துக்கொள்ள மாட்டேன் என்று அந்த ஊருக்கு முன்னால் சொல்வாளா?

“சரி, கூட்டிட்டு வரேன்” என்றாள்.

“கர்த்தர் உன்னை ஆசீர்வதிப்பார்டி” என்றாள் அக்கா, நிம்மதியாக.

போனை வைத்ததும் ஆஸ்பத்திரிக்குப் பேசித் திங்கட்கிழமை சேருவதாகச் சொல்லிவிட்டாள். அப்பாவிடம், “ஆறு வாரம் அக்கா வீட்டுல இருக்கணும்ப்பா, எனக்கு ஆபரேஷன்” என்றாள். அப்பா அவள் வயிற்றைப் பார்த்தார். தன்னால் வந்தது என்று அவருக்குத் தெரியும். “போ... போ” என்று இடது கையை அசைத்தார். பிறகு, “பெரியவ... பாத்துக்குவா” என்றார். சின்னவள் அவர் துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். விரிப்புகள், மருந்து, களிம்பு, டயப்பர் கட்டு எல்லாவற்றையும் எடுத்துவைத்தாள். ஒரு மத்தியானத்துக்கு அது கொஞ்சம் அதிகச் சாமான்தான்.

ஞாயிற்றுக்கிழமை அத்தான் வண்டியோடு வந்தார். அத்தான் நல்லவர். அதாவது, எதிலும் தலையிடாதவர். மூன்று பைகளையும் பார்த்தார், சின்னவள் முகத்தையும் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் பின்னால் ஏற்றினார். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கை பிடிக்க அப்பாவை நாற்காலியோடு தூக்கி வைத்தார்கள்.

அக்கா வீட்டில் ரெக்கார்டிங் அறையைக் காலி செய்து கட்டில் போட்டிருந்தாள். மைக் அலமாரிக்குள் போயிருந்தது. கட்டிலுக்குப் பூப்போட்ட புது விரிப்பு. அடியில் ரப்பர் விரிப்பு போட வேண்டும் என்பதுகூட அவளுக்குத் தோன்றவில்லை. தன் தியானத்தில் அதைப் பற்றி ஒரு வாரம் பேசியவள். சின்னவள் தன் பையிலிருந்து எடுத்து விரித்தாள்.

அப்பா சுவரில் ஒட்டியிருந்த சாம்பல் நிறப் பஞ்சைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “என்ன... ரூம்?”

“ரேடியோ ஸ்டேஷன்ப்பா” என்றாள் சின்னவள். அக்கா முகம் சிவந்தது.

சகோதரிகள் வந்தார்கள். ஏழெட்டுப் பேர் இருக்கும். முன்னால் வந்தவர் அந்த ஆசிரியை. உள்ளே நுழைந்ததும் சின்னவளைப் பார்த்துத் திகைத்தார். “நீங்க திரை தைக்கறவங்கதானே? இங்க எப்படி?”

“என் தங்கச்சி” என்றாள் அக்கா முந்திக்கொண்டு. “முடிஞ்சப்ப வந்து எனக்குக் கூடமாட ஒத்தாசை பண்ணுவா.”

கூடமாட ஒத்தாசை. சின்னவளுக்குக் காது இரண்டும் சுட்டது.

“அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லவேயில்லையே” என்றார் ஆசிரியை. “உங்க அக்கா எப்பேர்ப்பட்டவங்க.”

“அது எனக்குத் தெரியும்” என்றாள் சின்னவள்.

நாற்காலி போட்டு வட்டமாக உட்கார்ந்தார்கள். ரொம்ப நாள் பழகியவரைப் பார்ப்பதுபோல் அப்பாவைப் பார்த்தார்கள். ஒருத்தி போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி, “இப்பல்லாம் மருந்தைத் துப்பறதில்லையே சிஸ்டர்?” என்று விசாரித்தாள். “முதுகுப் புண் முழுசா ஆறிடுச்சா?” என்றாள் மற்றொருத்தி. அக்கா எல்லாவற்றுக்கும், “கர்த்தர் கிருபை” என்று சொல்லி வைத்தாள். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. முன்பின் தெரியாதவர்கள் தன் முதுகைப் பற்றிப் பேசுவதை ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜெபத்துக்குத் தலை குனியப் போகும் நேரம் பார்த்துச் சின்னவள் தொண்டையைக் கனைத்தாள்.

“எனக்கும் சேத்து ஜெபம் பண்ணுங்க. நாளைக்கு ஆபரேஷனுக்கு அட்மிட் ஆகறேன். ஆறு வாரம் எந்த வேலையும் செய்யக் கூடாது. ஆனா கவலையில்ல, அப்பாவை அக்கா பாத்துக்குவா. அவளுக்குப் பழக்கம்தானே.”

“ஸ்தோத்திரம்” என்றார்கள் எல்லாரும்.

அக்கா மூன்று பைகளையும் அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். முகத்தில் ஒரு துளி ரத்தமில்லை. ஆனாலும் ஏழெட்டு ஜோடிக் கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன. “ஸ்தோத்திரம்” என்று அவளும் சொன்னாள். சின்னவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. இரண்டு வருஷத்தில் அவ்வளவு இனிப்பாக எதுவும் அவளுக்குக் கிடைத்ததில்லை.

அந்த இனிப்பு அவள் நாக்கில் இருக்கும்போதே ஆசிரியை எழுந்து கட்டிலருகே போனார். நல்ல மனுஷி. அப்பாவின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

“ஐயா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா ஆசை. அன்னைக்குப் படுக்கையிலயே போயிட்டு, ‘என்னைக் கொன்னுடு’ன்னு மகள்கிட்ட கேட்டு அழுதீங்களாமே. அதைக் கேட்டு நாங்க எல்லாரும் அழுதோம். எலியாவும் அப்படித்தான் கேட்டார். ஆனா ஆண்டவர் அவரைச் சாகவிடல. சாப்பாடு குடுத்து எழுப்பினார். இனிமே அப்படிக் கேக்கக் கூடாது, என்ன, சரியா?”

சின்னப்பிள்ளையிடம் சொல்வதுபோல் சொன்னார். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

அப்பா ஆசிரியையைப் பார்க்கவில்லை. அக்காவையும் பார்க்கவில்லை. திரும்பிச் சின்னவளைப் பார்த்தார். அன்றைக்கு அந்த அறையில் இருந்தது அவரும் அவளும் மட்டும்தான். பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இடது கையால் போர்வையைப் பிடித்துக் கழுத்துவரை இழுத்தார். பாதியில் அது சிக்கிக்கொண்டது, மறுபடி இழுத்தார்.

சண்டே ஸ்கூலில் அக்காவும் தானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த கதை சின்னவளுக்கு நினைவுக்கு வந்தது. நோவா குடித்துவிட்டுத் துணி விலகிக் கிடக்கிறார். ஒரு மகன் பார்த்துவிட்டு வெளியே போய்ச் சொல்கிறான். மற்ற இருவரும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு, முகத்தைத் திருப்பி, பின்பக்கமாகவே நடந்துவந்து தகப்பனை மூடுகிறார்கள். வெளியே போய்ச் சொன்னவன் யார் என்று கேட்டால், சாயங்காலமானால் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவள் அவள்தான். தாங்க முடியாமல்தான் சொன்னாள். ஆனாலும் சொன்னாள். தன் உழைப்பைத் திருடிவிட்டாள் என்று அக்காமேல் இத்தனை நாள் எரிந்துகொண்டிருந்தவளுக்கு, களவுபோனது அப்பாவின் சொத்து என்பது ஒரு தடவைகூட உறைக்கவில்லை. இன்றைக்கும்தான் என்ன செய்தாள்? அக்காவை மடக்குவதற்கு அப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“எல்லாரும் எந்திரிங்க” என்றாள்.

ஜெபத்துக்கு என்று நினைத்து எழுந்தார்கள்.

“ஜெபம் வேண்டாம். வெளிய போங்க. அவர் அதை என்கிட்ட கேட்டார், அக்காகிட்ட இல்ல. அவரை ரெண்டு வருஷமா வெச்சிருக்கறது நான். அது போகட்டும், எனக்கு அது இப்ப வேண்டாம். அவர் அதை உங்ககிட்ட சொல்லல. என் காதுல சொன்னார். நான் இவகிட்ட சொன்னேன், இவ உங்ககிட்ட சொன்னா, நீங்க வந்து அவர்கிட்டயே சொல்றீங்க. அவர் என்ன செத்தா போயிட்டார்? போங்க.”

ஆசிரியை அப்பாவின் கையை மெதுவாகப் படுக்கையில் வைத்தார். முதல் ஆளாக வெளியே போனார். மற்றவர்கள் பின்னாலேயே போனார்கள். வாசலில் அத்தான் டீத் தட்டோடு நின்றார். ஒருவரும் எடுத்துக்கொள்ளவில்லை.

அக்கா கதவைச் சாத்திவிட்டு அழுதாள். அந்தப் பஞ்சுச் சுவரில் அழுகை எங்கேயும் போய் மோதாமல் அங்கேயே அடங்கியது. “என்னை இப்படிச் சந்தி சிரிக்க வெச்சிட்டியேடி. நாளைக்குக் காலைல நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பேசறது?”

“பேசாத” என்றாள் சின்னவள். “ஒரு நாள் பேசாம இரு. ஆண்டவர் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டார்.”

அப்போது நாற்றம் வந்தது. இருவருக்கும் தெரிந்தது. அப்பாவுக்கும் தெரிந்தது, அவர் கண்ணைத் திறக்கவில்லை. இரண்டு வருஷப் பழக்கத்தில் சின்னவளின் கை தானாகப் பையை நோக்கிப் போனது. குனிந்ததும் அடிவயிற்றில் சுரீரென்று இழுத்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“நீ செய்” என்றாள்.

“எனக்குத் தெரியாதுடி.”

“எப்படித் தெரியாம போகும்? தினமும் நீதானே சொல்ற.”

அக்கா பையையும் கட்டிலையும் பார்த்தபடி நின்றாள். கதவைத் திறந்துகொண்டு போய்விடுவாள் என்றுதான் சின்னவள் நினைத்தாள். அக்கா மோதிரத்தைக் கழற்றி ஜன்னலில் வைத்தாள். வளையலைக் கழற்றினாள். அவள் போர்வையில் கை வைத்ததும் அப்பாவின் இடது கை அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அக்கா இழுக்கவில்லை. “அப்பா, நான்தான்” என்றாள். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அந்தப் பிடி தளர்ந்தது.

சின்னவள் நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். அங்கிருந்தே சொன்னாள்.

“உன் பக்கமா திருப்பு. தோள்ல ஒரு கை, இடுப்புல ஒரு கை. கையைப் புடிச்சு இழுக்காத, வலது தோள் வலிக்கும். ஈரத்துணியை முன்னால இருந்து பின்னால கொண்டுபோ. தண்ணி சூடா இருக்கானு பாத்தியா?”

“பாக்கல.”

“போய்ப் பாத்துட்டு வா. அதுவரைக்கும் போர்வையைப் போடு.”

பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அக்கா மூச்சுவாங்குவது கேட்டது. எதுவோ கீழே விழுந்தது, எடுத்தாள். ஒரு தடவை அப்பா முனகினார், அக்கா, “மன்னிச்சுக்கோப்பா, மன்னிச்சுக்கோ” என்றாள். சின்னவளுக்குத் திரும்பிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. அவள் செய்தால் கால்வாசி நேரத்தில் முடிந்திருக்கும். பஞ்சுச் சுவரில் ஒரு தையலை எண்ணுவதுபோல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“முடிஞ்சுது” என்றாள் அக்கா கடைசியில். “களிம்பும் போட்டுட்டேன். போத்திட்டேன்.”

அப்புறம்தான் அப்பா பேசினார். அவருக்கு ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாகத்தான் வரும்.

“இதை... யார்கிட்டயும்... சொல்லாத.”

அக்கா உடைந்துபோனாள். “சொல்லமாட்டேன்ப்பா” என்றாள். “சத்தியமா சொல்லமாட்டேன்.”

அப்பா அதோடு நிறுத்தவில்லை. அடுத்த வார்த்தைக்காக அவர் நாக்கு உள்ளே புரண்டுகொண்டிருப்பது சின்னவளுக்குக் கேட்டது. அவள் காத்திருந்தாள்.

“சின்னவளே... நீயும்.”

சின்னவள் சுவரைப் பார்த்தபடியே, “சொல்லமாட்டேன்ப்பா” என்றாள்.